பெயரின் கீழே எழுதும் பதவி

குன்னத்துகால், பாறசாலை முதலிய எல்லைப்புற ஊர்களில் குடியேறி வாழும் நம் தமிழ்க் குடும்பங்களில் சொந்தத் தொழில் தொடங்குவோர் உண்டு. கடையில் அமர்ந்திருக்கும் வரையில் அவர்களுக்குப் பட்டம் தேவையில்லை. தமிழருக்கும் மலையாளிகளுக்கும் 'முதலாளி' என்ற ஒரே சொல் போதும். மார்த்தாண்டத்து வணிகருக்கோ, திருவனந்தபுரத்து அலுவலகத்துக்கோ மின்னஞ்சல் எழுதும்போதுதான் வினா எழுகிறது: பெயரின் கீழே எந்தப் பதவியைக் குறிப்பது?

இஃது அலங்காரத்தைப் பற்றிய வினா அன்று; பொறுப்பைப் பற்றியது. உடன்பாடு செய்ய இவருக்கு அதிகாரம் உண்டா, கடன் நின்றால் பதில் சொல்ல வேண்டியவர் யார் என்பவற்றையே கடிதம் பெறுபவர் அறிய விரும்புகிறார்.

தனி ஒருவரின் தொழிலாயின் 'உரிமையாளர்' என்பதே நேரான சொல். அங்கே தொழிலின் கடன் அவருடைய சொந்தச் சொத்தையும் தொடரும். கூட்டு வணிகமாயின் 'பங்குதாரர்' என்க. 'இயக்குநர்', 'நிர்வாக இயக்குநர்' என்பவை பதிவு பெற்ற கம்பெனிக்கு உரியவை. 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டப்படி, நிர்வாக இயக்குநரின் அதிகாரம் கம்பெனியின் விதிகளாலோ, ஒப்பந்தத்தாலோ, தீர்மானத்தாலோ ஒப்படைக்கப்படுவது. தாமே சூட்டிக்கொள்வது அன்று. தனிக் கடைக்காரர் அதனை எழுதினால், எதிரே இருப்பவர் இல்லாத கம்பெனியை நம்பிச் சரக்கு அனுப்புவார். பாங்கிக் கணக்கும் வரிப் பதிவும் வேறு விதமாகச் சொல்லும்போது ஐயம் பிறக்கும். பதிவு பெறாமலே தொழிலின் பெயரோடு 'பிரைவேட் லிமிடெட்' என்று சேர்த்தாலோ, நாளொன்றுக்கு 500 முதல் 2,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு.

'நிறுவனர்' என்பது சட்டம் தரும் பதவி அன்று; தொழிலைத் தொடங்கியவர் யார் என்னும் செய்தி. ஆகவே தொடங்கியவர் எவரும் அதனை எழுதலாம். 'நிறுவனர், உரிமையாளர்' என்று இரண்டையும் சேர்த்து எழுதினால் செய்தியும் பொறுப்பும் ஒருங்கே விளங்கும்.

சிறிய பதவியை எழுதினால் மதிப்புக் குறையுமோ என்று அஞ்சுவோர் ஒன்றை நினைவு கூர்தல் நலம். 1906இல் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனி எழுந்தபோது அதற்கு உயிராக நின்றவர் வ. உ. சிதம்பரம் பிள்ளை. ஆயினும் தலைவராக இருந்தவர் பாண்டித்துரைத் தேவர்; பிள்ளையவர்கள் ஏற்றதோ உதவிச் செயலாளர் பதவி. 'கப்பலோட்டிய தமிழன்' என்று இன்று நாடு அவரையே அழைக்கிறது.

நம் காலத்திலும் சான்று உண்டு. ஸோஹோ நிறுவனத்தைத் தொடங்கியவர்களுள் ஒருவரான ஸ்ரீதர் வேம்பு, 2025 ஜனவரியில் தலைமைச் செயல் அதிகாரிப் பதவியிலிருந்து விலகி, ஆராய்ச்சியில் ஈடுபடும் பொருட்டுத் தலைமை விஞ்ஞானி ஆனார். வேலை மாறியபோது பெயரின் கீழிருந்த சொல்லும் மாறியது.

ஆகவே, தொழில் தொடங்கும் நம் இளைஞர்கள் தாம் ஏற்றிருக்கும் பொறுப்பைச் சொல்லும் சொல்லையே எழுதுவார்களாக. பெரிய பட்டம் முதற் கடிதத்துக்கு மறுமொழி பெற்றுத் தரலாம். இரண்டாவது சரக்கைக் கடனாகத் தருவிப்பது நாணயம் ஒன்றே.