வீக்கம் வத்தினா கால் பழைய காலா வரணுமே

2023 செப்டெம்பர் முடிகிற நேரம். கல்முனை பஸ் நிலையத்துக்குக் கிட்ட, நான் வழமையாகத் தேத்தண்ணி குடிக்கிற கடை. பெடியன் ஒருவன் பிளேன்டியைக் குடித்து முடித்துவிட்டு, காசோடு சேர்த்துக் கைபேசியையும் கடைக்காரக் காக்காவின் மேசையில் வைத்தான். திரையில் ஒரு செய்தி அட்டை. சிவப்பு நிறத்தின் மேல் கொட்டை எழுத்து: பணவீக்கம் 1.3 சதவீதமாக வீழ்ச்சி.

"போன வருசம் எழுபது, இப்ப ஒண்டு. நாடு முழுக்கக் குறஞ்சிட்டு. ஒங்கட கடையில மட்டும் குறையல்ல காக்கா."

காக்கா ஒன்றும் பேசாமல் மிச்சக் காசைக் கொடுத்தார். அவன் போனதும் என் முன்னால் வந்து உட்கார்ந்தார்.

"தம்பி, நான் கள்ளனா, இல்ல இந்த இலக்கம் கள்ளமா?"

இரண்டுமில்லை என்றேன். அவர் விடவில்லை. "வீக்கம் எண்டுதானே சொல்லுறாங்க? கால் வீங்கினா எண்ணெய் போடுறம், வத்துது. வத்தினா கால் பழைய காலா வரணுமே!"

எத்தனையோ பேருக்கு இதை விளக்கியிருக்கிறேன். சிக்கல் சொல்லுக்குள்ளேயே கிடக்கிறது என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. பணவீக்கம் என்று தமிழில் பெயர் வைத்தவர்களைக் குறை சொல்ல வரவில்லை. ஆனால் வீக்கம் என்றால் நமக்கு ஒரு நிலை. உடம்பு ஊதிப்போய் இருப்பது. புள்ளிவிபரத் திணைக்களம் சொல்வதோ ஒரு வேகம். விலை ஏறுகிற வேகம். வேகம் குறைந்ததை 'வீக்கம் வீழ்ச்சி' என்று எழுதினால், விலை பழைய இடத்துக்கு வந்துவிட்டது என்றுதான் தமிழ் தெரிந்தவன் வாசிப்பான். அந்தப் பெடியன் தமிழைச் சரியாகத்தான் வாசித்திருக்கிறான்.

காக்காவின் கடன் கொப்பியை வாங்கிப் பின் மட்டையில் எழுதிக் காட்டினேன். 2021 செப்டெம்பரில் 100 ரூபாய்க்கு வாங்கிய சாமான் ஒரு கட்டு. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் காட்டிய ஏற்றம் 69.8 சதவீதம். அப்ப அதே கட்டு 169 ரூபாய் 80 சதம். 2023 செப்டெம்பரில் ஏற்றம் 1.3 சதவீதம். அந்த 1.3, பழைய நூறின் மேல் அல்ல, 169.80இன் மேல். ஆக 172 ரூபாய்.

"இதில எது குறஞ்சிருக்கு காக்கா?"

"ஒண்டும் குறையல்லயே. கூடித்தானே இரிக்கி."

"கொழும்புக்குப் போற இரவு பஸ்ஸ நினைங்க. முதல் ஒரு மணித்தியாலம் பறந்து போகுது, பிறகு ஊருது. ஊருறதால பஸ் கல்முனைக்குத் திரும்பி வந்திட்டா?"

சிரித்தார். அன்றைக்கு என் தேத்தண்ணிக்குக் காசு எடுக்கவில்லை.

ஆனால் பஸ் உவமை ஒன்றரை வருசம்கூடத் தாங்கவில்லை. 2024 செப்டெம்பரில் பஸ் உண்மையாகவே பின்னுக்கு வரத் தொடங்கியது. சுட்டெண் காட்டிய ஏற்றம் சைபருக்குக் கீழே அரை சதவீதம். 2025 ஜனவரியில் சைபருக்குக் கீழே 4. மறுபடியும் அட்டை வந்தது: விலைகள் 4 சதவீதத்தால் வீழ்ச்சி. அந்தக் கிழமை காக்கா சம்பலுக்கு வாங்கிய தேங்காய் ஒன்று 200 ரூபாய்.

"இப்ப சொல்லு தம்பி."

சொல்ல இரண்டு விசயம் இருந்தது. ஒன்று, எதோடு ஒப்பிடுகிறார்கள் என்பது. 2025 ஜனவரியை 2024 ஜனவரியோடுதான் வைத்துப் பார்க்கிறார்கள். 2024 ஜனவரி எப்படிப்பட்ட மாதம்? பெறுமதி சேர் வரி 15இல் இருந்து 18க்கு ஏறிய மாதம். கரட் கிலோ 2,000 ரூபாய்க்குப் போனதென்று ஊரே பேசிய மாதம். பக்கத்தில் நிற்பவன் நெட்டையனாக இருந்தால் நாம் குட்டையாகத் தெரிவோம். அதுதான் நடந்தது. இரண்டாவது, 2025 ஜனவரி 17 முதல் மின்கட்டணத்தை 20 சதவீதத்தால் குறைத்தார்கள். தேங்காய் ஏறியது உண்மை, கரண்ட் இறங்கியதும் உண்மை. சுட்டெண் என்பது ஒரு கூடை. அதில் எல்லாச் சாமானும் கிடக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறை. கொழும்புக் கூடையில் சாப்பாட்டுச் சாமான்களின் நிறை கால் பங்குக்குச் சற்றுக் கூட, அவ்வளவுதான். மற்றதெல்லாம் வாடகை, கரண்ட், போக்குவரத்து, மருந்து, படிப்பு இப்படி.

"சம்பளத்தில பாதிக்கு மேல அரிசி மீன் வாங்குறவனுக்கு?"

அவனுக்கு அந்தக் கூடை பொருந்தாது. இதைத் திணைக்களம் ஒளித்து வைக்கவுமில்லை. பெயரிலேயே கொழும்பு என்று இருக்கிறதே. வெள்ளவத்தை, பொரளை, தெமட்டகொட போன்ற இடத்துச் சந்தைகளில் விலை எடுத்து மாதக் கடைசியில் வெளியிடுகிறார்கள். இதற்குப் பழைய கதை ஒன்று உண்டு. 1949-50இல் கொழும்புத் தொழிலாளர் குடும்பங்கள் சில நூறின் செலவைக் கேட்டு எழுதி, 1952ஐ அடிப்படை ஆண்டாக்கி ஒரு கூடை கட்டினார்கள். 2007 வரைக்கும் உத்தியோகபூர்வக் கணக்கு அந்தக் கூடையில்தான் ஓடியது. அரை நூற்றாண்டுக்கு மேல் யாருடைய பாட்டனாரோ சாப்பிட்ட சாப்பாட்டின் விலையில் நாடு தன்னை அளந்துகொண்டிருந்தது! முழு நாட்டுக்குமான தேசிய நுகர்வோர் விலைச் சுட்டெண் 2015இல்தான் வந்தது. அதில் சாப்பாட்டின் நிறை பத்தில் நான்களவு. நமக்குக் கொஞ்சம் கிட்ட. ஆனால் அது மூன்று கிழமை பிந்தி, அடுத்த மாதம் 21ஆம் திகதி அளவில் வருகிறது. செய்தி அட்டை போடுகிறவனுக்கு மூன்று கிழமை பொறுக்க ஏலாது. கொழும்பு இலக்கம் முந்திக்கொள்கிறது. 'கொழும்பு' என்ற சொல் கொட்டை எழுத்தில் ஏறாமல் உதிர்ந்து போகிறது. பத்தரமுல்லையில் உள்ள திணைக்களத்தில் இருந்து இலக்கம் புறப்படும்போது அதன் இடுப்பில் மூன்று கயிறு கட்டியிருக்கிறது: எந்த இடம், எந்த மாதத்தோடு ஒப்பீடு, எந்தக் கூடை. கைபேசிக்கு வந்து சேரும்போது மூன்றும் அறுந்திருக்கும்.

கயிறு அறுந்த இலக்கத்துக்கு யாரும் சொந்தம் கொண்டாடலாம். 2022 ஏப்ரலில் திணைக்களத்தின் இலக்கம் 29.8. அதே நாட்களில் அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஸ்டீவ் ஹாங்கி டுவிட்டரில் இலங்கைக்குப் போட்ட இலக்கம் நூறைத் தாண்டி நின்றது. அவர் சந்தைக்குப் போய் விலை கேட்கவில்லை. டொலர் மதிப்பில் இருந்து கணக்குப் பார்த்தார். மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயளவில் இருந்த டொலர் மே மாதம் 360க்கு வந்துவிட்டதால் அந்த முறைக்குப் பெரிய இலக்கம்தான் வரும். இரண்டும் வேறு வேறு கேள்விக்கான விடை. பெற்றோல் வரிசையில் இரவு படுத்துக் கிடந்தவனுக்கு அதெல்லாம் தேவையா? அவனுடைய கோபத்தின் அளவுக்குப் பெரிய இலக்கம் எதுவோ அதை நம்பினான். நானும் அந்த நாட்களில் அதை இரண்டு மூன்று பேருக்கு அனுப்பியிருக்கிறேன், மறைக்க ஒன்றுமில்லை.

பிரித்தானியாவில் நடந்த ஒன்றைக் காக்காவுக்குச் சொன்னேன். மலிவுச் சமையல் பற்றி எழுதும் ஜாக் மன்றோ, 2022 ஜனவரியில், ஏழைகள் வாங்கும் சாமான்களின் விலை ஏற்றம் அரசாங்க இலக்கத்தில் தெரியவில்லை என்று இணையத்தில் போட்டார். அது பரவியது. அங்குள்ள தேசியப் புள்ளிவிபர அலுவலகம் மறுப்பு அறிக்கையோடு நிற்காமல், சுப்பர்மார்க்கட் இணையத்தளங்களில் இருந்து ஆக மலிவான 30 உணவுச் சாமான்களின் விலையை எடுத்து, மே மாதம் வெளியிட்டது. பாஸ்தா ஒரு வருசத்தில் 50 சதவீதம் ஏறியிருந்தது. உருளைக்கிழங்கு இறங்கியிருந்தது. எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் பொதுவான உணவு விலை ஏற்றத்துக்குக் கிட்டத்தட்டச் சமன். இரண்டு பக்கமும் பாதி சரி. ஆனாலும் கேள்வி கேட்டவர்களுக்கு அவர்களுடைய சாமானிலேயே விடை கிடைத்தது. நம்முடைய கரையோரத்துக்கு ஒரு அரிசி, ஒரு கீரிமீன், ஒரு தேங்காய், ஒரு காஸ் சிலிண்டர் வைத்து மாதம் ஒரு தரம், ரூபாயில், தமிழில், குரல்பதிவாக ஒருவர் சொன்னால் போதும். சதவீதத்தைப் பிறகு பார்க்கலாம்.

காக்கா எழும்பிப் போய் ஒரு பிஸ்கட் பெட்டி மட்டையைக் கிழித்துக்கொண்டு வந்தார். "நீ சொன்னதை நானே செய்யுறன். காஸ எழுது. பெரிசா எழுது."

எழுதினேன். 12.5 கிலோ காஸ், கொழும்பு விலை: 2021 ஒக்டோபருக்கு முன் 1,493. 2022 ஏப்ரல் 4,860. 2025 ஜனவரி 3,690. இங்கே வந்து சேர லொறிக் கூலி வேறு. மட்டையைக் கல்லாவுக்கு மேலே தொங்கவிட்டார். பழைய விலையும் இப்போதைய விலையும் கண்ணுக்கு முன்னால் இருக்கும்போது இனி யாரும் வாய் திறக்க மாட்டார்கள் என்று அவருக்குத் திருப்தி.

அடுத்த வெள்ளிக்கிழமை அதே பெடியன் வந்தான். ஜும்ஆ முடிந்த கையோடு கூட்டம். பிளேன்டியை உறிஞ்சிக்கொண்டே மட்டையை மேலிருந்து கீழாக வாசித்தான்.

"4,860ல இருந்து 3,690க்கு இறங்கிட்டா? அப்ப ஆயிரத்து நூத்தி எழுபது குறஞ்சிரிக்கே காக்கா. பிளேன்டிக்கு எவ்வளவு குறைக்கிறீங்க?"

காக்கா என்னைப் பார்த்தார்.