தறிக்கு மரம் தந்த மகலிங்கம்

ஒலிவ மரம் என்றதும் நமக்கு ஒலிவ மலையும், நோவாவின் புறா கொண்டுவந்த இலையும் நினைவுக்கு வரும். அம்மரம் நம் கடற்கரையில் வளர்வதில்லை. ஆனால் அதன் உறவினர் நம் பின்னலிலேயே இருக்கிறார்! ஆம், மல்லிகையும் ஒலிவக் குடும்பம்தான். நம்பாதவர்கள் ஒற்றை மல்லிகைப் பூவைப் பிரித்துப் பார்க்கட்டும். குழலுக்குள் இரண்டே மகரந்தத் தாள்கள் இருக்கும். ஒலிவப் பூவிலும் இரண்டுதான்.

இக்குடும்பத்தில் நம் காட்டு மரங்களும் உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையின் இடலை ஒன்று. நாங்கள் சொல்ல வந்தது மற்றொன்றை. அதுவே மகலிங்க மரம். இலையுதிர்க் காடுகளில் வளர்வது. பழுப்பும் வெள்ளையும் கலந்த அதன் பூக்கள் இரவில் மணக்கும். மல்லிகையின் சொந்தமல்லவா! காய் மட்டும் ஒலிவக் காய்போல் சதைப்பற்றுள்ளதன்று. பேரிக்காய் வடிவில் கட்டையாக இறுகி, இரண்டாக வெடித்து, சிறகுள்ள விதைகளைக் காற்றில் விடும்.

1776-இல் சென்னைக்கு வந்த மருத்துவர் வில்லியம் ராக்ஸ்பர்க், சோழமண்டலக் கரையின் தாவரங்களை நம் நாட்டு ஓவியர்களைக் கொண்டு வரையச் செய்தார். அவரே 1799-இல் இதற்கு ‘ஷ்ரெபெரா ஸ்வீட்டேனியாய்டிஸ்’ என்று பெயரிட்டார். ஷ்ரெபர் ஒரு ஜெர்மானிய அறிஞர். பின்பாதிக்கு ‘மகோகனி போன்றது’ என்று பொருள். வாய்க்குள் நுழையாத பெயர்தான்!

எங்கள் விம்கோ நகருக்குப் பெயர் தந்ததே தீப்பெட்டிக் கம்பெனி. தீக்குச்சிக்கு இலேசான, மெழுகை உறிஞ்சும் மரம் வேண்டும். மகலிங்கம் நேர் எதிர்; கனமானது, இழை நெருங்கியது, எளிதில் வளையாது, வெடிக்காது. அதனால்தான் நெசவாளர் இதில் படமரம் செய்தனர். நெய்த துணியைச் சுருட்டிக்கொள்ளும் உருளையே படமரம். அது சற்றே கோணினாலும் பாவு ஒருபுறம் இறுகி, மறுபுறம் தொய்ந்து, துணி கெட்டுவிடும். நெசவாளியின் கூலியும் போகும். ஆங்கிலத்திலும் இதற்கு ‘வீவர்ஸ் பீம் ட்ரீ’ என்றே பெயர்.

விசைத்தறிகளில் உருளைகள் இரும்பாகிவிட்டன. வேலை போன மரத்தின் பெயரும் மறக்கிறது. எங்கள் வகுப்பில் “மகலிங்கம் தெரியுமா?” என்று கேட்டால், “எந்த வீட்டுக்காரர்?” என்கிறார்கள். காட்டுப் பக்கம் சுற்றுலா போகிறவர்கள், பிளந்த பேரிக்காய் போன்ற கட்டைக் காய் தரையில் கிடந்தால், சற்றே நிமிர்ந்து பாருங்கள்.