உஷார்! உங்க பாலிசியில நாமினி யாரு?

தாராவி, மாட்டுங்கா, செம்பூர்ல இருக்கிற நம்ம மக்களே, பாலிசி பத்திரத்தை இன்னைக்கே எடுத்துப் பாருங்க. நாமினி இடத்துல யார் பேர் இருக்கு? பிரீமியம் ஒழுங்காக் கட்டுறோமேன்னு இருந்துடாதீங்க. அது மட்டும் போதாது!

கர்நாடகாவுல நடந்ததைக் கேளுங்க. ஒருத்தர் கல்யாணத்துக்கு முன்னாடி பாலிசி எடுத்து, அம்மாவை நாமினியாப் போட்டார். கல்யாணம் ஆச்சு, மகன் பிறந்தான். நாமினியை மாத்தலை. 2019ல இறந்துட்டார். மாமியாரும் மருமகளும் கோர்ட்டுக்குப் போனாங்க. தாய், மனைவி, மகன் மூணு பேருக்கும் சம பங்குன்னு உயர் நீதிமன்றம் சொன்னது 2025லதான்!

திருநெல்வேலியிலிருந்து வந்து, வேலையில சேர்ந்த கையோட ஏஜென்ட் நீட்டின படிவத்துல அம்மா பேரை எழுதினவங்க நம்ம பக்கத்துல எத்தனை பேர்! உங்க வீட்டுலயும் இது நடக்கலாம்.

இதுல ஒண்ணு இருந்தாலும் ஆபத்துதான்:

கல்யாணமோ குழந்தையோ ஆன பிறகும் பழைய பேரே இருக்கு.

நாமினி இறந்துட்டாங்க, வேற பேர் போடலை. வாரிசுச் சான்றிதழுக்காகக் குடும்பம் கோர்ட்டுக்கு அலைய வேண்டி வரலாம்.

நாமினி 18 வயசு ஆகாத பிள்ளை, ஆனா அதுக்காகப் பணம் வாங்கப் பெரியவர் யாரையும் நியமிக்கலை.

அண்ணன், தம்பி, நண்பன் நாமினி. அவங்க பணத்தை வாங்கத்தான் முடியும், சொந்தம் வாரிசுகளுக்கே. உச்ச நீதிமன்றம் 1983லேயே சொல்லிடுச்சு. வாங்கினவர் தர மறுத்தா? வழக்குதான்!

பேங்க் கணக்குல வருஷம் 436 ரூபாய் பிடிக்கிறாங்க. அது பிரதமர் ஜீவன் ஜோதி காப்பீடா இருக்கலாம். இறந்தா 2 லட்சம் வரும். வீட்டுல யாருக்கும் தெரியலைன்னா யார் போய்க் கேட்பாங்க?

கடன் வாங்கித் தொழில் பண்ற கல்யாணமான ஆண்களே, புதுசா பாலிசி எடுக்கும்போதே 1874ஆம் வருஷத்து மணமான பெண்கள் சொத்துச் சட்டத்தின்கீழ் எடுக்க முடியுமான்னு கேளுங்க. அப்படி எடுத்தா அந்தப் பணம் மனைவி, பிள்ளைகளுக்குத்தான். கடன்காரங்க சாதாரணமா கை வைக்க முடியாது.

சாதாரண பாலிசின்னா, அது முதிர்ற வரைக்கும் நாமினியை எத்தனை தடவை வேணும்னாலும் மாத்தலாம். ஏஜென்ட்கிட்ட வாயால சொன்னா செல்லாது! படிவம் கொடுங்க, பதிவானதுக்கு எழுத்துல ஒப்புதல் வாங்குங்க. யாருக்கு எவ்வளவுன்னு உயிலும் எழுதி வைங்க. பாலிசி எங்க இருக்குன்னு வீட்டுல சொல்லுங்க. நாளைக்குன்னு தள்ளாதீங்க!