உங்களுக்குத் தெரியுமா? ஹேர்பீஸ் ‘பொசிட்டிவ்’ பொய்யாகவும் இருக்கலாம்!

பாலுறவால் பரவும் இரண்டாம் வகை ஹேர்பீஸ் வைரசுக்கான ஐஜிஜி (எதிர்ப்புப் பொருள்) இரத்தப் பரிசோதனையில் முடிவு எண் 1.1க்கும் 3க்கும் இடையில் நின்றால், அந்த ‘பொசிட்டிவ்’ பல வேளைகளில் தவறாக இருக்கிறது. வேறொரு முறையில் உறுதிப்படுத்தும்வரை மனம் உடையாதீர்கள்.

• முதலாம் வகை ஹேர்பீஸ் வைரசுக்கான ‘பொசிட்டிவ்’ பெரும்பாலும் சிறுவயதுத் தொற்றின் தடயம். உலகில் 50 வயதுக்குட்பட்டோரில் ஏறக்குறைய மூன்றில் இருவருக்கு அது உண்டு. துணையைச் சந்தேகிக்க அது ஆதாரமே அல்ல.

• பாலுறவுக்கு மறுநாளே இரத்தம் கொடுப்பது வீண். எதிர்ப்புப் பொருள் தெரிய 12 வாரம் வரை, சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். ஐஜிஎம் என்ற மற்றொரு எதிர்ப்புப் பொருள் பரிசோதனையை நம்ப முடியாது.

• கொப்புளம் வந்தால் காயுமுன் வைத்தியரிடம் காட்டுங்கள். புண்ணிலிருந்து பஞ்சுக்குச்சியால் எடுத்துச் செய்யும் பிசிஆர் பரிசோதனையே சிறந்தது. அசிக்ளோவிர் மாத்திரையை உடனே தொடங்கினால் புண் விரைவில் ஆறும். ஆனாலும் வைரஸ் உடலில் தங்கிவிடும். கர்ப்பிணிகள் தமக்கு ஹேர்பீஸ் இருந்தால் வைத்தியரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்.

கண்டியிலுள்ள அரச பாலியல் நோய் சிகிச்சை நிலையத்தில் சேவை இலவசம், இரகசியம் காக்கப்படும். பேராதனையிலிருந்தோ கம்பளையிலிருந்தோ வருவோரும் வைத்தியர் கடிதமின்றி, கூச்சப்படாமல் நேரே செல்லலாம்.