நனைந்தாலும் கைவிடாத கம்பளி

பள்ளி விடுமுறை வந்துவிட்டால் பிள்ளைகளைக் கேமரன் மலைக்கு அழைத்துச் செல்கிறோம். சோறு, மருந்து, குடை எல்லாம் மறக்காமல் எடுத்துக்கொள்கிறோம். உடுத்தும் உடையைப் பற்றி மட்டும் யோசிப்பதில்லை. அப்படித் தவறு செய்தவர்களில் நானும் ஒருவன்.

சில ஆண்டுகளுக்கு முன், எங்கள் தோட்டப் பள்ளி மாணவர்கள் சிலரை அங்கே சைக்கிள் பயணத்திற்கு அழைத்துச் சென்றேன். "பருத்திச் சட்டை போடுங்கள், வியர்வையை உறிஞ்சும்" என்று சொன்னவனும் நானே. தானா ராத்தாவிலிருந்து பிரிஞ்சாங்குக்கு மேடேறும்போதே எல்லாருக்கும் சட்டை நனைந்துவிட்டது. திரும்பி இறங்கும்போது தூறல்; எதிர்காற்று வேறு. பாதி வழியில் ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவன் சைக்கிளை நிறுத்திவிட்டான். சோம்பல் என்று எண்ணி அதட்டினேன். அருகே போய்ப் பார்த்தால், உதடு வெளுத்திருந்தது. பிரேக் பிடிக்க முடியாமல் விரல்கள் நடுங்கின.

சாலையோரத் தேநீர்க் கடையில் இருந்த பாட்டி எழுந்து வந்தார். தேயிலைக் கொழுந்து பறித்தே வயதானவர். "ஏன் வாத்தியாரே, பச்சப் புள்ளய ஈரத் துணியோடவா நிப்பாட்டுவீங்க?" என்று கடிந்துகொண்டு, அவன் சட்டையைக் கழற்றித் தம் கம்பளிச் சட்டையை மாட்டிவிட்டார். சூடாகத் தேநீரும் கொடுத்தார். சிறிது நேரத்தில் நடுக்கம் நின்றது. நான் அதட்டியதுதான் இன்றும் உறுத்துகிறது.

காரணம் என்ன? ஒவ்வொரு 1,000 மீட்டர் உயரத்திற்கும் சுமார் 6 பாகை செல்சியஸ் வெப்பம் குறைகிறது. தானா ராத்தா 1,400 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. நனைந்த பருத்தி உடலோடு ஒட்டிக்கொள்ளும். அசையாத காற்றைவிட நீர் சுமார் 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். கம்பளி இழையோ சுருள் சுருளானது. நனைந்தாலும் எளிதில் படிந்துவிடாமல் இடையில் காற்றைப் பிடித்து வைத்திருக்கும். தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உள்வாங்கினாலும் தொட்டால் ஈரம் தெரியாது.

சைக்கிள் வீரர்களுக்கு இது பழைய பாடம். 1903-இல் தொடங்கிய பிரான்சு நாட்டுச் சைக்கிள் பந்தயத்தில், பல்லாண்டுக் காலம் கம்பளிச் சட்டைதான். 1919-இல் வந்த புகழ்பெற்ற மஞ்சள் சட்டையும் கம்பளியே. மலையுச்சியிலிருந்து இறங்குமுன் நெஞ்சுக்கும் சட்டைக்கும் இடையே செய்தித்தாளைச் செருகிக்கொள்வார்கள்; காற்று தாக்காது. இன்று அவர்கள் செயற்கை இழைக்கு மாறிவிட்டார்கள். அதுவும் சீக்கிரம் உலரும். ஆனால் வியர்வை நாற்றம் கம்பளியில்தான் குறைவு.

இதற்காக அதிகம் செலவழிக்க வேண்டாம். பண்டல் கடையில் பழைய கம்பளிச் சட்டை கிடைக்கும். ஆனால் கம்பளி போலத் தெரிவதெல்லாம் கம்பளியல்ல. வாங்கிய பின் ஓர் இழையைப் பிரித்து, இடுக்கியில் பிடித்துக் கொளுத்திப் பாருங்கள். முடி கருகும் வாடையடித்துச் சாம்பல் பொடிந்தால் கம்பளி. உருகிக் கட்டியானால் செயற்கை இழை. உடம்பை அரிக்காதிருக்க, மெல்லிய மெரினோ கம்பளியாகப் பாருங்கள். வெந்நீரில் துவைத்தால் சுருங்கிவிடும். தண்ணீரில் அலசி, முறுக்காமல் பிழிந்து, நிழலில் விரித்து உலர்த்துங்கள்.

நம் தோட்டத்து வெயிலுக்குப் பருத்தியே போதும். மலைக்குப் போகும்போது மட்டும் ஒரு கம்பளிச் சட்டையை பிளாஸ்டிக் பையில் சுற்றி எடுத்துச் செல்லுங்கள். பிள்ளை நடுங்கினால் ஈரத்துணியை மாற்றி, சூடான பானம் கொடுங்கள். பேச்சுக் குழறினாலோ தூக்கம் சொக்கினாலோ எதையும் குடிக்கக் கொடுக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

முக்கியமாக, குளிரில் நின்றுவிட்ட பிள்ளையை அதட்டாதீர்கள். முதலில் அவன் சட்டையைத் தொட்டுப் பாருங்கள்.