தவணைக் கிரயமும் அடமானக் கடன் விற்பனையும்

ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரங்களில் தொழிற்சாலைகள் பெருகியதால் வீட்டின் தேவையும் பெருகியுள்ளது. பழைய வீட்டைப் பழுதுபார்த்து விற்பவரிடம், முழுக் கிரயத்தையும் ரொக்கமாகத் தர இயலாத தொழிலாளி ஒரு பகுதியை முன்னதாகச் செலுத்துவதுண்டு. பாக்கிக்கு அவ்வீட்டையே விற்றவருக்கு அடமானம் எழுதிக்கொடுத்துத் தவணைகளில் தீர்க்க அவர் உடன்படுவார். விற்றவருக்கோ, கூரைக்கும் சுவருக்கும் செலவிட்ட பணம் உடனே தேவைப்படலாம். அப்பொழுது அவர் விற்கக்கூடியது வீடன்று. தமக்கு வரவேண்டிய கடனையே. இதனை வழக்கில் மேடோவர் என்பர். இத்தகைய கடனை வாங்குமாறு அழைக்கப்படும் அங்கத்தினர் அதன் தன்மையை முன்னரே அறிதல் அவசியம்.

இது நம் மாகாணத்திற்குப் புதியதன்று. 1929ல் சென்னையில் மத்திய நில அடமான பாங்கு ஏற்பட்டது. ஆரம்ப பாங்குகள் விவசாயிகளிடம் பெற்ற நில அடமானங்களைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டு, அவற்றின் ஆதாரத்தில் கடன் பத்திரங்கள் வெளியிட்டு அது பணம் திரட்டியது. ஆனால் அங்கே பரிசோதனையும் அரசாங்க மேற்பார்வையும் இருந்தன. தனி மனிதரிடம் கடன் வாங்குவோர் அப்பரிசோதனையைத் தாமே செய்துகொள்ள வேண்டும்.

விலை எவ்வாறு ஏற்படுகிறது?

பாக்கி 6 லட்சம் ரூபாய். அது ஆண்டுக்கு 2 லட்சமாக மூன்று ஆண்டு முடிவுகளில் வட்டியின்றி வருவது எனக் கொள்வோம். நூற்றுக்கு 12 வீதம் லாபம் வேண்டுபவருக்கு அதன் இன்றைய மதிப்பு ஏறக்குறைய 4 லட்சத்து 80 ஆயிரம் ரூபாயே. குறையும் தொகை காலத்தின் விலையாகும். தவணை தவறும் அபாயம் மிகுந்தால் விலை இன்னும் குறையும்.

கவனிக்க வேண்டியவை

1. நிலையான சொத்தின் அடமானத்தால் பாதுகாக்கப்பட்ட கடனைச் சாதாரணக் கைச்சீட்டைப் போலப் பின்புறம் கையெழுத்திட்டு மாற்றுதல் போதாது. மாற்றுப் பத்திரம் எழுதி ரிஜிஸ்டர் செய்யவேண்டும். சொத்து எந்தச் சார்பதிவாளர் எல்லையிலுள்ளதோ அங்கேயே பதிவு நடைபெற வேண்டும். விற்பவர் அத்திப்பள்ளியில் வசிப்பினும், வீடு ஓசூரில் இருந்தால் பதிவும் வில்லங்கத் தேடுதலும் ஓசூரிலேயாம்.

2. கிரயப் பத்திரம், அடமானப் பத்திரம், தவணை ரசீதுகள் ஆகியவற்றைப் பார்த்து, உண்மையான பாக்கியை வீட்டை வாங்கியவர் வாயிலாகவே உறுதி செய்க.

3. கடன் கைமாறியதை அவருக்கு எழுத்து மூலம் அறிவிக்கவேண்டும். அறியாதவர் பழையவருக்கே தொடர்ந்து செலுத்தினால் வழக்கு நேரும். இப்பகுதியில் தமிழுடன் தெலுங்கும் கன்னடமும் வழங்குவதால், அவரறிந்த மொழியில் பத்திரத்தைப் படித்துக் காட்டுதல் நலம்.

4. வீட்டை நேரில் பார்க்க. புதுச் சுண்ணாம்பு பழைய விரிசலை மறைக்கக்கூடும். பாக்கித் தொகைக்கு வீட்டின் மதிப்பு ஈடாகாவிடில் அடமானம் பெயரளவிலேயே நிற்கும்.

5. தவணை தவறிய கடனை வாங்கும் முன் காலவரையறையையும் பார்க்க. அடமானப் பணத்திற்காகச் சொத்தின் மேல் வழக்கிட, 1963ம் வருஷத்துக் காலவரையறைச் சட்டப்படி, பணம் செலுத்தவேண்டிய நாள் முதல் 12 ஆண்டுகளே உண்டு.

வீட்டை வாங்கியவரின் உரிமை

கடன் எத்தனை கை மாறினும், வாங்கியவர் நிலை தாழ்வதில்லை. முதற்பத்திரத்தில் இல்லாத வட்டியைப் புதியவர் கேட்க இயலாது. பாக்கியைச் செலுத்தி வீட்டை மீட்கும் உரிமையை 1882ம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டம் அவருக்கு அளிக்கிறது. ஆதலின் அவர் ஒவ்வொரு தவணைக்கும் ரசீது பெற்று, கடைசித் தவணை தீர்ந்ததும் அடமான ரத்துப் பத்திரத்தை ரிஜிஸ்டர் செய்து, தம் பத்திரங்களைத் திரும்பப் பெறவேண்டும்.

சங்கத்தின் பொதுப்பணத்தைச் சட்டமும் உபவிதிகளும் அனுமதிக்கும் வழியிலன்றி இதில் ஈடுபடுத்தலாகாது. தம் சொந்தச் சேமிப்பை ஈடுபடுத்தும் அங்கத்தினரும் ஒன்றை மறவாதிருத்தல் நலம்: அவர் வாங்குவது வீட்டை அன்று, ஒரு குடும்பம் மாதந்தோறும் உழைத்துச் செலுத்தும் வாக்குறுதியையே. அக்குடும்பத்தின் வருவாயைத் தீர விசாரித்த பின்னரே பணம் கொடுப்பது இரு சாராருக்கும் க்ஷேமமாகும்.