மாஸ்கோவில் யார் யாருக்கு எஜமான்?

1995ஆம் ஆண்டின் கடைசி. ரஷ்ய அரசின் கஜானா காலி. அதிபர் எல்ட்சினின் அரசு, தனியார் வங்கிகளிடம் கடன் வாங்கி, எண்ணெய், நிக்கல் நிறுவனங்களின் பங்குகளை அடமானம் வைத்தது. கடனை அடைக்கவே இல்லை, பங்குகள் கைமாறின. யூகோஸ் எண்ணெய் நிறுவனத்தின் 45 சதவீதப் பங்குகளுக்கான ஏலத்தை நடத்தியது மிகைல் கோதர்கோவ்ஸ்கியின் மெனதெப் வங்கி. ஏலம் எடுத்ததும் அவருடைய ஆட்களே. விலை சுமார் 16 கோடி டாலர்!

1996 அதிபர் தேர்தலில் கம்யூனிஸ்டுகள் வென்றால் எல்லாம் பறிபோகும் என்று பயந்த இந்தப் பணமுதலைகள், தங்கள் பணத்தையும் தொலைக்காட்சிகளையும் எல்ட்சினுக்காக இறக்கினார்கள். அவர் ஜெயித்தார். வங்கி முதலாளி விளாதிமிர் பொத்தானின், முதல் துணைப் பிரதமர் ஆனார். இன்னொரு பணமுதலையான பெரெஸோவ்ஸ்கிக்குப் பாதுகாப்புக் கவுன்சிலில் பதவி. சிலராட்சி என்றால் இதுதான்: நாற்காலியில் ஒருவர் இருப்பார், அதற்கு வாடகை கட்டுபவர்கள் வேறு.

2000இல் புதின் அதிபரானார். என்டிவி தொலைக்காட்சியின் உரிமையாளர் குசின்ஸ்கி அந்த ஜூனிலேயே கைதானார். மறு ஆண்டு அந்தச் சேனல் அரசு சார்ந்த எரிவாயு நிறுவனமான காஸ்ப்ரோம் வசமானது. 2003 பிப்ரவரியில் புதினுக்கு எதிரே உட்கார்ந்து அரசின் ஊழலைப் பேசிய கோதர்கோவ்ஸ்கி, அக்டோபரில் கைதாகிப் பத்தாண்டு சிறையில் கிடந்தார். யூகோஸின் முக்கிய எண்ணெய் வயல்களை, யாரும் கேள்விப்பட்டிராத ஒரு நிறுவனம் ஏலத்தில் எடுத்தது. சில நாளில் அவை அரசு நிறுவனமான ரோஸ்னெஃப்ட் கைக்குப் போயின.

எப்படியும் பணக்காரன்தானே ஆள்கிறான், சிலராட்சியும் எதேச்சாதிகாரமும் ஒன்றுதான் என்பவர்களோடு நான் உடன்படவில்லை. முன்பு பணம் அதிகாரத்தை வாங்கியது. இப்போது அதிகாரம் பணத்தை வைத்துக்கொள்ள அனுமதி தருகிறது. அன்று முதலாளிகளுக்குள் சண்டை இருந்ததால்தான், முதல் செச்சன் போரின் அவலத்தை என்டிவி மக்களுக்குக் காட்ட முடிந்தது. அந்த இடுக்கையும் எதேச்சாதிகாரம் அடைத்துவிட்டது. இழப்பு சின்னதல்ல.

அந்த அனுமதி எப்படிப்பட்டது என்பதற்கு ஒரு காட்சி. 2009 ஜூனில் பிக்கல்யோவோ என்ற சிறுநகரத்தில் ஆலைகள் மூடிக் கிடந்தன. சம்பளம் கிடைக்காத மக்கள் நெடுஞ்சாலையை மறித்தார்கள். அப்போது பிரதமராக இருந்த புதின் நேரில் வந்தார். ஆலை முதலாளியான கோடீஸ்வரர் டெரிபாஸ்காவை அழைத்து, பேனாவை மேசைமேல் எறிந்து, ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டுவிட்டுத் திரும்பியவரிடம் பேனாவையும் திருப்பிக் கேட்டார். எல்லாம் தொலைக்காட்சிக் கேமராக்களுக்கு முன்னால்.

ஊர் மகிழ்ந்தது, வயிறு காய்ந்தவர்களை யார் குறை சொல்ல முடியும்? ஆனால் அந்தச் சம்பளத்தை வாங்கித் தந்தது நீதிமன்றமும் அல்ல, தொழிற்சங்கமும் அல்ல. பக்கத்து ஊரில் சம்பளம் நின்றால் அங்கிருப்பவர்களும் சாலையில் இறங்கி, புதின் வருவாரா என்று பார்த்திருக்க வேண்டியதுதான்.